‘என் பெயரை எடுத்துவிடுங்கள்’: மின்மடல் குழுவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் பாலிடெக்னிக் பழைய மாணவர் சங்கத்தின் மின்மடல் குழு என் தலையில் வந்து விழுந்தது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் துபாய் கிளம்புகிற அவசரத்தில் ஓர் எக்செல் தாளையும் ஒரு பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டு, “ஒண்ணும் இல்ல தம்பி, மாசம் ரெண்டு மெயில் போடணும், அவ்வளவுதான்” என்றார்.

தாளில் 640 முகவரிகள். முதல் மடலை அனுப்பிய பத்தாவது நிமிடமே தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்தன. மறுநாள் காலை ஒரு பெரியவரிடமிருந்து ஒற்றை வரி: “என் பெயரை எடுக்கச் சொல்லி நாலாவது முறையாக எழுதுகிறேன்.” மடல் போடுவது இந்த வேலையில் கால் பங்குதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. யாரை உள்ளே விடுவது, போக நினைப்பவரை எப்படி வழியனுப்புவது என்பதுதான் மீதி முக்கால். இந்தக் கட்டுரை அந்த முக்காலைப் பற்றியது. சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம், சிற்றிதழ், கோயில் திருப்பணிக் குழு என்று எதற்கு மடல் அனுப்பினாலும் சங்கதி ஒன்றுதான்.

அறிவிப்பா, அரட்டையா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். நீங்கள் மட்டும் எழுதி மற்றவர்கள் படிப்பது அறிவிப்புக் குழு. எல்லோரும் எழுதி எல்லோருக்கும் போவது மடலாடற்குழு. யாஹூ குரூப்ஸ் காலத்தில் மரத்தடி, ராயர் காபி கிளப் என்று இணையத் தமிழர்கள் இராப்பகலாக மடலாடியது இரண்டாவது வகை. (யாஹூ அந்தச் சேவையை 2020 டிசம்பர் 15 அன்று மூடிவிட்டது. தங்கள் மடல்களை அதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளாதவர்கள் இன்றும் வருந்துகிறார்கள்.)

ஆண்டு விழா அழைப்பும் சந்தா நினைவூட்டலும்தான் உங்கள் தேவை என்றால் அறிவிப்புக் குழு போதும். கூகுளின் மடல் குழுச் சேவையான கூகுள் குரூப்ஸில் ‘யார் மடல் போடலாம்’ என்ற அமைப்பை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். பதில் மடல் குழுவுக்குப் போகாமல் நிர்வாகிக்கு வருகிற மாதிரி வையுங்கள். இந்த இரண்டைச் செய்துவிட்டாலே பின்னால் வரும் தலைவலியில் பாதி வராது.

குழுவெல்லாம் எதற்கு, ஜிமெயிலில் பிசிசி (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) போட்டு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். இருபது பேருக்குச் சரி. ஆனால் சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, 640 பேர் பட்டியல் பாதி வழியில் நின்றுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அவசரத்தில் பிசிசிக்குப் பதில் சிசியில் ஒட்டிவிடுவது. நான் செய்திருக்கிறேன். 180 பேரின் முகவரி எல்லோர் கண்ணிலும் பட்டது. அடுத்த வாரமே எங்கள் ஆட்கள் பலருக்கு ஒரே சீட்டுக் கம்பெனியிடமிருந்து மடல் வந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை, கொடுத்தது நான்தான்.

உள்ளே விடும்போது

முகவரி கிடைத்தது என்பதற்காக ஒருவரைக் குழுவில் சேர்க்கக் கூடாது. விசிட்டிங் கார்டு கொடுத்தார், கல்யாணத்தில் பார்த்தோம், இன்னொரு குழுவில் இருக்கிறார் என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. கேட்டுவிட்டுச் சேர்ப்பதில் சிறந்த முறை இரட்டைச் சம்மதம். அவர் முகவரியைத் தருகிறார், அந்த முகவரிக்கு ஓர் உறுதி மடல் போகிறது, அதில் உள்ள இணைப்பை அவர் அழுத்தினால்தான் சேர்கிறார். கூகுள் குரூப்ஸில் நேரடியாகச் சேர்ப்பதற்குப் பதில் அழைப்பு அனுப்பினால் இதே பலன் கிடைக்கும். மெயில்மேன் போன்ற பழைய மடல் குழு மென்பொருளில் அது இயல்பாகவே உண்டு.

இதற்கு மரியாதை மட்டும் காரணம் அல்ல. எங்கள் ஆண்டு விழாவில் வாசலில் நோட்டு வைத்து முகவரி எழுதச் சொல்வோம். பேனா மையில் ‘ஐ’யும் ‘எல்’லும் ‘ஒன்று’ம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வருடம் நோட்டைப் பார்த்து நான் தட்டச்சு செய்த ஒரு முகவரி வேறு யாருக்கோ சொந்தமானது. சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு எட்டு மாதம் எங்கள் சங்கச் செய்தி போயிருக்கிறது. உறுதி மடல் மட்டும் போயிருந்தால் அவர் அதை அழுத்தியிருக்க மாட்டார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டங்கள் போதும்: முகவரி, சேர்ந்த தேதி, எப்படிச் சேர்ந்தார், இப்போதைய நிலை. மூன்றாவது கட்டத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆனால், “நான் சேரவே இல்லையே, என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?” என்று ஒருவர் கேட்கும் நாளில் அது ஒன்றுதான் கைகொடுக்கும். “2022 ஆண்டு விழா நோட்டில் எழுதினீர்கள்” என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். “தெரியவில்லை சார்” என்றால் நம்மைத் திருடனைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்.

வெளியே போக விரும்புகிறவர்

கோரிக்கை நாலு வழியில் வரும். மடலின் அடியில் உள்ள இணைப்பை அழுத்துவார். உங்களுக்கு எழுதுவார். வாட்ஸ்அப்பிலோ நேரிலோ சொல்வார். எதுவும் சொல்லாமல் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். முதல் மூன்றும் உங்களுக்கு அவர் செய்யும் உதவி, நாலாவது மட்டும்தான் தண்டனை. ஜிமெயில் யார் அழுத்தினார்கள் என்று பெயர் சொல்லாது. சொந்த டொமைனிலிருந்து (தம் பெயரிலேயே வாங்கிய இணைய முகவரியிலிருந்து) அனுப்புகிறவர்களுக்குக் கூகுள் வைத்திருக்கும் வரம்பு, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பது. 640 பேரில் இரண்டு பேர் அழுத்தினாலே கோட்டைத் தாண்டியாயிற்று. அப்புறம் சம்மதித்துச் சேர்ந்த மற்றவர்களுக்கும் மடல் ஸ்பேம் பெட்டிக்குள் விழ ஆரம்பிக்கும். அதனால் ஸ்பேம் பொத்தானை விட எளிதாக நம் வாசல் இருக்க வேண்டும்.

வாசல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்ப ஏற்பாடு ஒன்று உண்டு. மடலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகளில் ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2369 என்ற இணையத் தர ஆவணம் அதற்கு இலக்கணம் வகுத்தது. அந்த வரி இருந்தால் ஜிமெயில் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று காட்டும். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8058 இதை ஒரே அழுத்தில் முடிகிற மாதிரி செய்தது. 2024-லிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்களின் விளம்பர, சந்தா மடல்களில் இந்த ஒரே அழுத்து வசதி கட்டாயம், விலகல் கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்றவும் வேண்டும். நம்மைப் போன்ற சின்னக் குழுக்களுக்கு அந்த எண்ணிக்கை பொருந்தாது என்றாலும் இரண்டு நாள் என்பதை நம் விதியாகவே வைத்துக்கொள்ளலாம். நல்ல மடல் சேவைகள் இந்த வரியைத் தாமாகவே சேர்க்கும். சேர்க்காத சேவையை விட்டுவிடுங்கள்.

சொந்தமாக நிரல் எழுதி அனுப்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணைப்பைத் திறந்த உடனேயே பெயரை நீக்கிவிடுகிற மாதிரி எழுதாதீர்கள். பல அலுவலகங்களில் வைரஸ் சோதிக்கும் மென்பொருள் மடலில் உள்ள எல்லா இணைப்புகளையும் தானே ஒரு முறை திறந்து பார்க்கும். அப்படித் திறந்ததில், ஒன்றுமே கேட்காத ஆள் பட்டியலிலிருந்து காணாமல் போவார். இணைப்பைத் திறந்தால் ஒரு பக்கம், அதில் ‘விலகுகிறேன்’ என்று ஒரே ஒரு பொத்தான். அது போதும். பாஸ்வேர்டு கேட்பது, காரணம் கேட்பது, கணக்குத் திறக்கச் சொல்வது எல்லாம் வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். உறுப்பினர் ஒருவர் நம் மடலை மைத்துனருக்கு ஃபார்வர்டு செய்வார். மைத்துனர் கடுப்பாகி அடியில் உள்ள இணைப்பை அழுத்துவார். விலகுவது நம் உறுப்பினர். இரண்டு மாதம் கழித்து, “என்னை ஏன் தூக்கினீர்கள்?” என்று சண்டைக்கு வருவார். விலகலுக்குப் பின் ஒரே ஒரு உறுதி மடல் அனுப்பினால் இது அன்றைக்கே தெரிந்துவிடும்.

சரி, அந்தப் பெரியவர் கதைக்கு வருவோம். முதல் மூன்று முறை எழுதியும் அண்ணன் ஏன் நீக்கவில்லை? சோம்பேறித்தனம் இல்லை. பெரியவர் எழுதிய முகவரி பட்டியலில் இல்லவே இல்லை. “உங்கள் முகவரி எங்களிடம் இல்லை” என்று அண்ணன் மூன்று முறையும் பதில் போட்டிருக்கிறார், நாலாவதுதான் என்னிடம் வந்தது. பெரியவருக்கோ மடல் வந்துகொண்டே இருக்கிறது. இதில் யாருக்குத்தான் கோபம் வராது?

விடை, மடலின் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தலைப்பு வரிகளில் இருந்தது. அவருடைய மகனிடம் பேசி, கணினியில் ஜிமெயிலைத் திறந்து, எங்கள் மடலின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, ‘அசலைக் காட்டு’ (ஷோ ஒரிஜினல்) என்பதைத் திறக்கச் சொன்னேன். (கைப்பேசிச் செயலியில் இந்த வசதி கிடையாது, கணினிதான் வேண்டும்.) எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்துகளாக ஒரு பக்கம் வரும். அதில் ‘டெலிவர்டு-டு’, ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்று தொடங்கும் வரிகளை மட்டும் படித்துக் காட்டச் சொன்னேன். இரண்டாவது வரியில் வேறொரு முகவரி இருந்தது. பெரியவர் ஓய்வு பெற்றபோது மகன் புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்து, பழைய கணக்குக்கு வருவதெல்லாம் தானாகப் புதியதற்கு வரும்படி வைத்திருக்கிறார். பட்டியலில் இருந்தது பழையது. இரண்டே நிமிடத்தில் நீக்கினேன்.

ஆகவே, பட்டியலில் முகவரி இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். பெயரை வைத்துத் தேடுங்கள். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிதான், எனவே புள்ளியை எடுத்துவிட்டும் தேடுங்கள். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ஏதாவது ஒரு சொல்லை ஒட்டிக்கொள்ளும் கணினிக்காரர்களும் உண்டு. அதற்கும் அகப்படவில்லை என்றால் தலைப்பு வரிகளைப் பார்க்க வேண்டியதுதான். உங்கள் சேவையில் வசதி இருந்தால் ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘இந்த மடல் இன்ன முகவரிக்கு அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி வரச் செய்யுங்கள். இந்தத் துப்பறியும் வேலையே தேவைப்படாது.

கூகுள் குரூப்ஸில் உறுப்பினரே விலகிக்கொள்ளலாம். குழு முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் அன்சப்ஸ்கிரைப் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்து, வெற்று மடல் ஒன்று அனுப்பினால் போதும். ஆனால் எந்த முகவரியில் சேர்ந்தாரோ அதிலிருந்துதான் அனுப்ப வேண்டும். எழுபது வயதுக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவர் கேட்டால் நீங்களே நீக்கிவிடுவதுதான் இரண்டு பேருக்கும் சுலபம்.

நீக்கிய பின் நான் அனுப்பும் பதில் இதுதான், ஒரு எழுத்து கூட்டுவதில்லை:

“வணக்கம் ஐயா. தங்கள் முகவரியை இன்று குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். இனி சங்க மடல்கள் வராது. முன்பே புறப்பட்ட மடல் ஏதாவது இன்று வந்து சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.”

ஏன் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. ‘நம் சங்கத்தின் தூண் நீங்கள்’ என்று உருகுவதும் இல்லை. மடல்களின் எண்ணிக்கைதான் தொல்லை என்று அவரே சொல்லியிருந்தால் மட்டும், மடல்களை மொத்தமாகக் கட்டி அனுப்பும் வசதி இருக்கிறது, வேண்டுமா என்று ஒரு வரி கேட்பேன். கூகுள் குரூப்ஸில் அப்படி 25 மடல் வரை ஒரே மடலாக வரும்.

வேறொருவர் வந்து, “இவரை எடுத்துவிடுங்கள்” என்றால் சம்பந்தப்பட்ட முகவரிக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழைய பகையில் ஒருவர் இன்னொருவரைத் தூக்கச் சொன்னதெல்லாம் எங்கள் சங்கத்தில் நடந்திருக்கிறது. இதற்கு ஒரே விதிவிலக்கு மரணம். ஒரு முறை ஒரு பெண் எழுதினார்: “அப்பா தவறி ஆறு மாதம் ஆகிறது. நேற்று உங்களிடமிருந்து அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது.” அதற்கு எந்தச் சான்றும் கேட்காமல் அந்த நிமிடமே நீக்கினேன். எங்கள் தானியங்கி வாழ்த்தையும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

நீக்கியவரை மறந்துவிடாதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. விலகியவரின் வரியை எக்செல்லில் அழித்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துச் சங்கச் செயலாளர் தம் கணினியில் இருந்த பழைய தாளை அனுப்பி, “இதையும் சேர்த்துடுங்க” என்பார். விலகியவர்கள் அத்தனை பேரும் மறுபடி உள்ளே வந்துவிடுவார்கள். இரண்டாம் முறை மடல் வந்தால் அவர்கள் உங்களுக்கு எழுத மாட்டார்கள், நேராக ஸ்பேம் பொத்தான்தான்.

எனவே ‘அனுப்பக் கூடாதவர்கள்’ என்று தனித் தாள் ஒன்று வையுங்கள். அதில் முகவரியும் விலகிய தேதியும் மட்டும். பெயர், தொலைபேசி, படித்த ஆண்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாம். புதிதாக எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் இந்தத் தாளோடு ஒப்பிட்ட பிறகே சேர்க்க வேண்டும். மடல் சேவை மாறும்போது உறுப்பினர் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் இந்தத் தாளைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது சகஜமாக நடக்கிற விபத்து.

திரும்பி வரும் மடல்கள்

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. திரும்பி வந்த மடலில் ஓர் எண் இருக்கும். 5-இல் தொடங்கினால் நிரந்தரத் தோல்வி, 4-இல் தொடங்கினால் தற்காலிகம். 550 என்றும் 5.1.1 என்றும் வந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள். பெட்டி நிறைந்திருக்கிறது என்று வந்தால் சில தடவை பார்க்கலாம். மெயில்மேன் மென்பொருள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: நிரந்தரத் தோல்விக்கு 1, தற்காலிகத்துக்கு அரை, ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எண்ணாது. கூட்டினால் 5 ஆகும்போது அந்த உறுப்பினருக்கு மடல் நிறுத்தப்படும். கையால் பார்க்கிறவர்களும் இதையே பின்பற்றலாம்.

கூகுள் இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழித்து வருகிறது. நேற்று வரை போய்ச் சேர்ந்த மடல் இன்று திடீரெனத் திரும்பினால் அது காரணமாக இருக்கலாம். ஆளை இழக்க விருப்பம் இல்லை என்றால் அவருடைய நண்பரிடம் ஒரு போன் போட்டுப் புது முகவரி கேளுங்கள். தொண்ணூற்றில் முப்பது பேரை நான் அப்படித்தான் பிடித்தேன்.

எல்லோரும் ‘என்னையும் எடு’ என்று கிளம்பும் நாள்

மடலாடற்குழு நடத்துகிறவருக்கு இது என்றாவது வரும். ஒருவர் “என்னை நீக்குங்கள்” என்று நிர்வாகிக்கு எழுதாமல் குழுவுக்கே எழுதுவார். அதைப் பார்த்து இன்னொருவர் “என்னையும்”. மூன்றாமவர், “தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்” என்று எல்லோருக்கும் பதில் போடுவார். 1997-இல் மைக்ரோசாஃப்ட்டுக்குள்ளேயே சுமார் 13,000 பேர் இருந்த ஒரு பட்டியலில் இப்படி நடந்து, மடல்கள் ஒன்றரைக் கோடியாகப் பெருகி அவர்களுடைய அஞ்சல் ஏற்பாடே படுத்துவிட்டது. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையிலும் தவறாகப் போன ஒரு சோதனை மடலால் இதே கூத்து.

அந்த நிமிடத்தில் விளக்கம் எழுத உட்காராதீர்கள். முதலில் குழுவை மட்டுறுத்தலுக்கு மாற்றுங்கள். எந்த மடலும் உங்கள் அனுமதி இல்லாமல் போகாது. அடுத்து, கேட்டவர்களை எல்லாம் வரிசையாக நீக்குங்கள். அதன் பிறகு குழுவுக்கு ஒரே ஒரு மடல்: கேட்டவர்களை எடுத்தாயிற்று, இனி விலக விரும்புகிறவர் இந்த முகவரிக்கு எழுதவும், குழு நாளை காலை திறக்கும். நீங்கள் யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம், அதை உறுப்பினர்களே செய்துகொள்வார்கள்.

சட்டம்

சின்னச் சங்கத்துக்குப் போலீஸ் வராது. ஆனால் உறுப்பினர்கள் ஊர் ஊராக இருப்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 2003 சட்டமும் கனடாவில் 2014-இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் வணிக மடல்களுக்கு விலகல் கோரிக்கையைப் பத்து வேலை நாளுக்குள் நிறைவேற்றச் சொல்கின்றன. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எத்தனை எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அத்தனை எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. இலங்கையிலும் 2022-இல் இத்தகைய சட்டம் நிறைவேறியிருக்கிறது. இரண்டு நாள் விதியைக் கடைப்பிடிக்கிறவருக்கு அந்தப் பத்து நாள் கெடு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தவரிடம் கொடுக்கும்போது

குழுவுக்கு இரண்டு உரிமையாளர்களாவது இருக்க வேண்டும். ஒரே உரிமையாளரின் கணக்கு முடங்கினால் குழுவைத் திறக்க ஆள் இருக்காது. பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதை விடுங்கள். புதியவரை அவருடைய சொந்தக் கணக்கிலேயே உரிமையாளராகச் சேர்த்து, ஒரு மாதம் இருவருமாகப் பார்த்துவிட்டு நீங்கள் விலகலாம்.

அவரிடம் உறுப்பினர் தாள், ‘அனுப்பக் கூடாதவர்கள்’ தாள், இரண்டோடும் சேர்த்து எனக்கு யாரும் தராத மூன்றாவது ஒன்றையும் கொடுங்கள்: முடியாமல் கிடக்கும் கோரிக்கைகள். யார் கேட்டார், எந்தத் தேதியில், எந்த முகவரியிலிருந்து, ஏன் இன்னும் முடியவில்லை. போன மாதம் இந்தப் பொறுப்பைச் சின்னச்சேலத்துத் தம்பி ஒருவரிடம் கொடுத்தபோது அதில் ஒரே ஒரு வரிதான் பாக்கி இருந்தது. அன்று மாலையே போன் செய்தார். “அண்ணே, அந்தக் கோவில்பட்டி அக்கா முகவரியில புள்ளிய எடுத்துட்டுத் தேடினேன், கிடைச்சிடுச்சு.”